மாமனார் கழன்று விழுந்த பெட்டி

அத்தியாயம் 7

திருட்டுப் போன வீட்டில் பொதுவாக ஒரு சோகம் இருக்கும். டாக்டர் ஜெயபிரகாஷ் வீட்டில் ஒரு கொண்டாட்டம் இருந்தது.

"யார் எடுத்தாங்கன்னு நீங்க கண்டுபிடிக்கவே வேண்டாம் மிஸ்டர் சேனாபதி. அது எனக்கே தெரியும். ப்ரூஃப் மட்டும் பிடிச்சுக் கொடுங்க, போதும்."

டல்லாஸை அடுத்த ஃபிரிஸ்கோவில் நேற்று முளைத்த காலனிகளில் ஒன்றில், எல்லா வீடுகளையும் போலவே இருந்தாலும் எல்லா வீடுகளையும்விடக் கொஞ்சம் பெரிதாக இருந்த வீடு அது. இருதய நிபுணரின் வீடு. ஹாலில் இத்தாலியச் சோபா, இத்தாலியச் சரவிளக்கு, இத்தாலியிலேயே யாரும் வாங்காத ஒரு பளிங்கு நாய்.

சேனாபதி பொள்ளாச்சிக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், பக்கத்து ஊரான ஆலனில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். கையும் களவுமாகப் பிடித்த திருடனைக்கூட 'வாங்க, உட்காருங்க' என்பார்.

அந்தக் குறையைத் தீர்த்து வைக்கத்தான் விதுஷா இருந்தாள். பிறந்தது யாழ்ப்பாணம், படித்தது டொராண்டோ, கல்யாணம் கொண்டுவந்து போட்டது டெக்சாஸ். சேனாபதியின் ஒரே அசிஸ்டென்ட்.

"ஆளையும் நீங்களே பிடிச்சிட்டீங்கள். பிறகு எங்களை ஏன் டொக்டர் கூப்பிட்டனீங்கள்? ப்ரூஃபையும் நீங்களே செய்திருக்கலாமே," என்றாள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் சேனாபதியைப் பார்த்துச் சொன்னார்.

"அறுநூறு வருஷத்து இத்தாலியக் கல்யாணப் பெட்டி சார். அந்தக் காலத்துல பெரிய இடத்துப் பொண்ணுக்குச் சீதனமா கொடுப்பாங்க. சுத்தித் தந்தத்துல செதுக்கின சிற்பம். நியூயார்க் ஏலத்துல எடுத்தேன். ஒரு வருஷமா எங்க பூஜை ரூம்லதான் இருந்தது. நேத்து ராத்திரி இருந்தது, இன்னிக்குக் காலையில இல்ல. நாளைக்கு என் பொண்ணு ரோஷினிக்கு நிச்சயதார்த்தம். எடுத்தவன், மாப்பிள்ளையா வரப்போற அந்தப் பையன்."

"பேருங்க?"

"மகிழன். டல்லாஸ்ல ஏதோ மியூசியத்துல வேலை. பழைய சாமானைத் தூசி தட்டி ஒட்டற வேலை. என் பொண்ணு மெடிக்கல் ரெசிடென்சி பண்றா. இவன் தூசி தட்டறான். நேத்து டின்னருக்கு வந்தான். லென்ஸை எடுத்துப் பெட்டியை அப்படி ஒரு பார்வை பார்த்தான். 'எப்படி என் தந்தம்?'னு கேட்டேன். 'நல்லாயிருக்கு அங்கிள்'னான். அவ்வளவுதான். ஒரு எக்ஸ்பர்ட் அவ்வளவு நேரம் பார்த்துட்டு அதோட நிறுத்தினா என்ன அர்த்தம்? மனசுக்குள்ள விலை போட்டிருக்கான்!"

மாடிப்படியில் நின்றிருந்த ரோஷினி வெடித்தாள். "அப்பா, திஸ் இஸ் இன்சேன். ஹீ டிட்ன்ட் டேக் இட்."

"அப்ப காலையிலேர்ந்து உன் ஃபோனை ஏன் எடுக்க மாட்டேங்கறான்?"

ரோஷினி மறுபடியும் ஃபோனை எடுத்து டயல் செய்தாள். கண் சிவந்திருந்தது.

"சாயங்காலம் என் கால்ஃப் ஃப்ரெண்ட்ஸ் பார்பிக்யூவுக்கு வர்றாங்க," என்றார் டாக்டர். "அவங்க வர்றதுக்குள்ள ப்ரூஃப் வேணும். வந்ததும் நிச்சயம் கேன்சல்னு சொல்லிட்டுப் போலீஸுக்கு ஃபோன் பண்ணப் போறேன்."

மியூசியத்தில் பொக்கிஷங்களைத் தொடுகிறவன் மேல் ஒரு திருட்டுப் புகார் விழுந்தால், கல்யாணம் மட்டும் போகாது. அவனை இனி எந்த மியூசியமும் டிக்கெட் வாங்கிக்கொண்டுகூட உள்ளே விடாது. சேனாபதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூஜை ரூமைப் பார்க்கலாமுங்களா?"

பெட்டி இருந்த பலகை காலியாக, பளிச்சென்று துடைத்து இருந்தது. அங்கே இப்போது இருந்தது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு. சேனாபதி திறந்து பார்த்தார். உள்ளே மஞ்சள் துணியில் ஒரு தாலி.

"அது ரோஷினிக்காக ஊர்ல செஞ்சு கொண்டுவந்தது," என்றார் டாக்டர். "பெட்டிக்குள்ளதான் வச்சிருந்தோம்."

"அப்ப திருடன் பெட்டியைத் திறந்து, தங்கத்தை எடுத்து டப்பால போட்டு, மூடி, பொட்டு வச்சு, சாமி முன்னாடி வச்சுட்டுப் போயிருக்கானுங்க."

"நல்ல வளர்ப்பு சேர்," என்றாள் விதுஷா. "எங்கட ஊர்க் கள்ளனுக்கு இந்தப் பண்பு இல்லை."

"பார்த்தீங்களா?" டாக்டர் துள்ளினார். "தன் கல்யாணத் தாலியாச்சே! அதான் விட்டுட்டுப் போயிருக்கான்!"

சேனாபதி குனிந்தார். வெள்ளை டைல்ஸில் பூஜை அறை வாசலிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு. நாலடி தள்ளி இன்னொன்று. ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவு வரை போயிற்று. கதவு நிலையோடு நின்றுவிட்டது. வெளியே பேட்டியோ முற்றத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ரசம் சிந்தியிருக்கும்," என்றார் டாக்டர். "வாங்க, வந்ததுக்கு என் கிரில்லைப் பாருங்க. ஆறு பர்னர்! எங்க வீட்டுல நான்வெஜ் இந்தக் கதவைத் தாண்டி உள்ளே வராது சார். தட்டு, கரண்டி, டம்ளர், எல்லாம் அந்த கிரில் அலமாரியிலேயே. வல்லியோட ரூல். நான் சாப்பிட்டுட்டு உள்ளே வரணும்னாலே குளிச்சுட்டுத்தான் வரணும்."

டாக்டரின் மனைவி வல்லி என்கிற புஷ்பவல்லி அடுப்பின் முன் நின்றிருந்தார். அவர் சமையலறையில் டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. பெயர் ஒட்டும் மெஷினிலும் பெயர் ஒட்டியிருந்தது. கொதிக்கிற பால் பாத்திரத்தை ஒரு துண்டைச் சுற்றி இறக்கினார். "ஸ்ஸ்!" விரலை உதறினார்.

"இடுக்கி இல்லீங்களாம்மா?" என்றார் சேனாபதி.

"எங்கியோ... வச்சுட்டேன் சார். காப்பி எடுத்துக்கோங்க."

சேனாபதி காப்பியைக் குடித்தார். டிகிரி காப்பிதான். கொடுத்த கையோடு அந்த அம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

மகிழனின் அபார்ட்மென்ட் ஆலனில், ஃப்ரீவேயை ஒட்டி இருந்தது. கதவைத் திறந்தவன் ஒல்லியாக, உயரமாக, இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு நின்றான். விதுஷா அவனைத் தாண்டி மேஜையைப் பார்த்தாள்.

"சேர்!"

அலுமினிய ஃபாயிலை விரித்து, அதன்மேல் விரல் நீளத்துக்குப் பழுப்பு வெள்ளையில் ஒரு பட்டை. அதில் கிரீடம் வைத்த ஒரு மனிதன், யாரையோ நோக்கி விரலை நீட்டியபடி. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் இடுக்கி.

"கேஸ் முடிஞ்சுது. பேசாமல் வீட்ட போவம்," என்று விதுஷா ஃபோனில் படமெடுத்தாள். "பெட்டியைக் கழட்டிக் கழட்டித் துண்டு துண்டா விக்கிற ப்ளான்."

"யாருங்க இவரு?" சேனாபதி பட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"மாமனார்," என்றான் மகிழன்.

"எப்படியுங்க?"

"அந்தப் பெட்டியைச் சுத்தி ஒரு கிரேக்கக் கதை ஓடுது சார். ஜேசன்னு ஒருத்தன் தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பல் ஏறி வேற நாட்டுக்குப் போறான். அந்த ஊர் ராஜா சுலபமா கொடுக்கல. நெருப்பு கக்கற ரெண்டு காளை மாட்டை ஏர்ல பூட்டி உழுதுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிடறார். ராஜாவோட பொண்ணுக்கு அவனைப் பிடிச்சுப்போகுது. மத்த பட்டையெல்லாம் உறுதியா இருக்கு. ராஜா மட்டும் கழன்று விழுந்துட்டார்."

"அப்ப மாமாமார் அறுநூறு வருஷத்துக்கு முதலும் உப்பிடித்தான்," என்றாள் விதுஷா. "அந்த ஜேசனுக்கு விசா ஆர் ஸ்பான்சர் பண்ணினது?"

மகிழன் சிரிக்க முயன்று தோற்றான்.

"இது உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?"

"சொல்ல முடியாது சார்."

"பெட்டி எங்கிங்க?"

"எங்கிட்ட இல்ல. அதுக்கு மேல கேட்காதீங்க."

"தம்பி, டாக்டரு இன்னைக்குப் போலீஸுக்குப் போறாருங்க. உங்க வேலை போயிரும்."

"தெரியும் சார்." அவன் தலை குனிந்திருந்தது. "ரோஷினிகிட்டகூடச் சொல்ல முடியல. அவ குரலைக் கேட்டா உளறிடுவேன். அதான் ஃபோனை எடுக்கல."

சேனாபதி பட்டைக்கு மேல் லென்ஸைப் பிடித்தார். ராஜாவின் இடுப்பில் இருபக்கமும் ஒவ்வொரு கீறல். புத்தம்புதிது.

"இது நீங்க பண்ணீங்களா?"

மகிழனின் முகம், யாரோ அவன் கன்னத்தையே கீறியது போல் சுருங்கியது. "நானா? இரும்பால இதைத் தொடறதா? சின்ன மூங்கில் இடுக்கிதான் சார் வச்சிருக்கேன், பாருங்க." கையுறை, தூரிகை, மூங்கில் இடுக்கி என்று தட்டில் வரிசையாக இருந்தன.

"இது தந்தம்தானுங்களே?"

அவன் தயங்கினான். பொய் சொல்லப் பழகாத வாய்.

"எலும்பு சார். வெனிஸ்ல எம்பிரியாக்கின்னு ஒரு குடும்பத்தோட பட்டறையில செஞ்ச மாதிரி இருக்கு. தந்தம் சுலபமா கிடைக்காது, விலையும் அதிகம். அதனால மாடு, குதிரைக் கால் எலும்பை நீளவாக்குல பிளந்து செதுக்குவாங்க. இது மாடு. பின்னாடி பாருங்க, லேசா வளைஞ்சிருக்கும். எலும்புன்னா மட்டமில்ல சார். இந்த விரலைப் பாருங்க, என்ன அதிகாரம்!"

"டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"நிச்சயத்துக்கு முந்தின நாளா?"

நியாயமான பதில். அவன் காப்பி கொடுத்தான். வாயில் வைத்ததும் சேனாபதியின் புருவம் ஏறியது.

"ஓட்ஸ் பால் சார். நான் பால், தயிர், முட்டை எதுவும் சாப்பிடறதில்ல."

புஷ்பவல்லியின் காப்பிக்குப் பிறகு இது ஒரு தண்டனை. சேனாபதி மரியாதையாக விழுங்கினார். "இந்த இடுக்கியை நான் எடுத்துக்கறனுங்க," என்று கர்ச்சீப்பில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மகிழன் தடுக்கவில்லை. வாசல் வரை வந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"சார்... அங்கிள் இன்னிக்கு கிரில் பண்றாரா?"

*

"ஜெயிலுக்குப் போற நேரத்திலயும் சாப்பாட்டு நினைப்பு," என்றாள் விதுஷா, காரைக் கிளப்பியபடி. "பார்பிக்யூவுக்குத் தன்னையும் கூப்பிடுவினமோ எண்டு பாக்கிறார்."

"பாலே குடிக்காத மனுசன் கிரில்லைப் பத்தி எதுக்குங்க கேக்கறாரு?"

விதுஷா வாயைத் திறந்தாள், மூடினாள். அபூர்வமான காட்சி.

"பாலே காய்ச்சாத ஆள் மேஜைல இடுக்கி இருக்குது," என்றார் சேனாபதி. "இருவத்தஞ்சு டப்பாவுக்குப் பேர் ஒட்டற அம்மா அடுப்படியில இடுக்கி இல்ல. அந்த ராஜாவை இரும்புல பிடிச்சுத் தூக்கினது யாரு? அதைக் கையால தொடக் கூசற ஆளு. சரி, உங்க வீட்டுல விரத நாள்னா என்ன பண்ணுவீங்க?"

"எங்கட வீட்டில சட்டி ஒண்டுதான் சேர். மீன் காய்ச்சின மறுநாள் விரதம் எண்டால் மாமி எல்லாத்தையும் கழுவி, வாசல் வரைக்கும் மஞ்சள் தண்ணி தெளிச்சுக்கொண்டு..." அவள் நிறுத்தினாள். பிரேக்கையும் மிதித்தாள். பின்னால் வந்த ட்ரக் ஹார்னில் திட்டியது. "ரசம் இல்லை!"

"ரசத்துல சீரக வாசம் வருமுங்க. அது வெறும் மஞ்சள். அந்தச் சொட்டு பேட்டியோக் கதவோட நின்னு போச்சு. ஏன்? அதுக்கு அந்தப்பக்கம் சுத்தம் பண்ணவே வேண்டியதில்ல. அந்த வீட்டுல எலும்புக்குன்னு ஒரு இடம் ஏற்கெனவே இருக்குதுங்க."

"கிரில்!"

"மகிழன் தம்பிக்கும் அந்தச் சந்தேகம்தான். வாயைத் திறக்க முடியல. வண்டியைக் கொஞ்சம் ஓட்டுங்க."

"கொஞ்சமா?" என்றாள் விதுஷா. அதன்பிறகு ஃபிரிஸ்கோ வரை சேனாபதி கண்ணைத் திறக்கவில்லை.

*

மணி அடித்ததும் கதவைத் திறந்தது புஷ்பவல்லி. சேனாபதி பைக்குள் கைவிட்டு இடுக்கியை எடுத்தார்.

"உங்க இடுக்கி கிடைச்சுருச்சுங்கம்மா." ஒரு காலை வாசற்படிக்குள் வைத்தார்.

"ஐயோ! உள்ளே கொண்டு வராதீங்க!" இரண்டு கையையும் விரித்து அந்த அம்மாள் வழியை மறித்தார். "பின்பக்கமா சுத்திக் கொண்டு..."

பாதியில் நின்றது பேச்சு. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற ரோஷினிக்கும் புரிந்தது.

"அம்மா?"

"கிரில்லுக்குக் கீழ இருக்கற அலமாரிதானுங்களே?" என்றார் சேனாபதி மெதுவாக.

புஷ்பவல்லி தலையை ஆட்டினார். அதே நேரம் கொல்லைப்பக்கத்திலிருந்து 'டக், டக், புஃப்' என்று ஒரு சத்தம்.

சேனாபதி ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், முழுக்கால் சட்டையில், வீட்டைச் சுற்றி, பளிங்கு நாயின் தம்பி ஒன்றைத் தாண்டி. பேட்டியோவில் டாக்டர், மார்பில் பொன்னிறக் கிரீடம் அச்சடித்த ஏப்ரனோடு, ஆறு பர்னரையும் ஏற்றிவிட்டு விரலை நீட்டினார்.

"ப்ரூஃப் கிடைச்சுதா?"

சேனாபதி பதில் சொல்லாமல் கேஸைத் திருகி மூடினார். கீழே மண்டியிட்டு அலமாரியைத் திறந்தார். காகிதத் தட்டுகள், கம்பிகள், ஒரு பாட்டில் சாஸ். அவற்றுக்குப் பின்னால் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு மூட்டை. மேல்பக்கம் லேசாகச் சூடேறியிருந்தது. பிரித்தார்.

எட்டுப் பக்கம் கொண்ட பெட்டி, மரத்தில் இழைத்த மூடி, சுற்றிலும் தொப்பி வைத்த ஆண்களும் நீள அங்கி போட்ட பெண்களும். இரண்டு காளைகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஓட்டை.

"வல்லி..." டாக்டர் அந்தச் சேலையை அடையாளம் கண்டுகொண்டார். "நீயா?"

"பின்ன யாரு?" கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே புஷ்பவல்லி அழுதார். "கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கிட்டிருந்த மகிழன் தம்பிகிட்ட, 'யானைத் தந்தம் வீட்டுக்கு ஐஸ்வர்யமாமே'ன்னு கேட்டேன். அதுக்குப் பொய் சொல்லவும் தெரியல. 'ஆன்ட்டி, அது மாடு'ன்னுடுச்சு. மாட்டு எலும்புல பொண்ணு தாலியை வச்சு ஒரு வருஷம் விளக்கேத்தியிருக்கேன் நான்! விடியறதுக்குள்ள வெளியே வச்சேன். ஒண்ணு கழன்று விழுந்துடுச்சு. கையால எப்படி எடுப்பேன்? இடுக்கியில எடுத்துக் காலையில தம்பி வீட்டு வாசல்லயே கொடுத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டு வந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு? கோயில்ல பிரசாதம் வாங்கற லைன்ல நின்னவங்ககிட்டல்லாம் தந்தம் தந்தம்னு போட்டோ காட்டினது நீங்க. நிச்சயம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க மாப்பிள்ளையைத் திருடன்னு சொல்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னதும் நீ ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டு வருவீங்க."

ரோஷினி அம்மாவைப் பார்த்தாள். "சோ, யூ லெட் ஹிம் டேக் த ஃபால்? ஃபார் அ பாக்ஸ்?"

புஷ்பவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பெயர் ஒட்டிய டப்பா எதுவும் அவரிடம் இல்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "அவன் சொன்னா ஆயிடுச்சா? இது தந்தம்தான்!"

"ரொம்ப நல்லதுங்க," என்றார் சேனாபதி. "போலீஸுக்கு ஃபோன் போடுங்க. தந்தம்னு எழுதுனா, வனவிலங்கு டிபார்ட்மென்ட் ஆளுங்களும் கூடவே வருவாங்க. யானைத் தந்தத்துக்குப் பழைய பேப்பரெல்லாம் கேப்பாங்க. வச்சிருக்கீங்களா?"

டாக்டர் ஃபோனுக்காகப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார்.

"எலும்புன்னா யாரும் வர மாட்டாங்க. மாப்பிள்ளை மட்டும்தான் வருவாரு. எது வேணுமுங்க?"

டாக்டர் பெட்டியைக் கையில் வாங்கினார். ஒரு வருஷமாக எல்லோருக்கும் காட்டிய பொருளை முதல்முறையாகத் தானே பார்த்தார். ராஜா நின்ற ஓட்டைக்குப் பக்கத்துப் பட்டையில் விரலை ஓட்டினார். வளைவு. நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். மெடிக்கல் காலேஜ் முதல் வருஷத்தில் கட்டிலுக்கடியில் வைத்திருந்து இரவெல்லாம் எடுத்துப் படித்த சாமான்.

"கால் எலும்புதான்," என்றார் ஈனக்குரலில்.

"ஓம் டொக்டர்," என்றாள் விதுஷா. "நீங்கள் இருதய ஸ்பெஷலிஸ்ட். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ரோஷினி 'பெட்டி கிடைச்சிடுச்சு' என்று மெசேஜ் போட்டுவிட்டு, ஃபோனை டயல் செய்து அப்பாவின் கையில் திணித்தாள். ஸ்பீக்கரில் இரண்டாவது மணியிலேயே எடுத்தான் மகிழன்.

"ரோஷினி?"

"மாப்பிள்ளை... நான்தான் பேசறேன். வல்லி எல்லாத்தையும் சொல்லிட்டா."

பதறியபடி அந்தக் குரல் கேட்டது. "அங்கிள், கிரில்லை அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சாச்சு. நாளைக்கு... நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வாங்க. அந்த ராஜாவையும் கூட்டிட்டு வாங்க. ஒட்டணும்."

"ஒட்டலாம் அங்கிள். ஆனா ஒட்டினப்புறம் கொஞ்ச நாள் அவரை அசைக்காம, சும்மா விட்டுடணும்."

"கேட்டீங்களா டொக்டர்?" என்றாள் விதுஷா. "மாமனார் கொஞ்ச நாள் சும்மா இருக்கோணுமாம்."

ரோஷினி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது கண்ணாடிக்கு இந்தப்பக்கம் தெரியவில்லை.

பக்கவாட்டு கேட் திறந்தது. கால்ஃப் தொப்பிகள் வந்தன. முன்னால் வந்தவர் ரஞ்சித்குமார், ஜெயபிரகாஷின் ஆஸ்பத்திரியிலேயே எலும்பு முறிவு டாக்டர்.

"ஜே.பி! எங்கே உன் ஃபேமஸ் தந்தப் பெட்டி? என் வைஃப் பார்த்தே ஆகணும்கிறா. என்ன, கிரில்லே பத்த வைக்கலையா?"

ஜெயபிரகாஷ் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். சேனாபதி வானத்தைப் பார்த்தார். புஷ்பவல்லி கதவுக்கு அந்தப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"தந்தமா?" டாக்டரின் குரல் முதலில் உடைந்தது. பிறகு மெல்ல மெல்ல விறைப்பு ஏறியது. "யார்ப்பா தந்தம்னு சொன்னது? எலும்பு! வெனிஸ் பட்டறை! எலும்பு டாக்டர் நீ, உனக்கே தெரியலையே? நேத்து என் மாப்பிள்ளை ஒரே பார்வையில சொல்லிட்டார். டல்லாஸ் மியூசியத்துல பெரிய எக்ஸ்பர்ட். சாதாரணமா இப்படி ஆளெல்லாம் கிடைக்கவே மாட்டாங்க. உட்காரு, அவர் போட்டோ காட்டறேன்."

விதுஷா சேனாபதியின் காதருகே குனிந்தாள்.

"சேர், பாவம் மகிழன். பெட்டியைக் காட்டித் திரிஞ்சது ஒரு வருஷம்தான். மாப்பிள்ளையை ஆயுசு முழுக்க."